விரல் நுனித் தூசி

ராயபுரத்தில் பஸ் ஏறிய அம்மாள் டிக்கெட் காசை இடது கையால் நீட்டினாள். கண்டக்டர் முறைத்தார்.

"இன்னாம்மா, பீச்சாங்கைல குடுக்கற?"

"கோச்சுக்காத நைனா. அந்தக் கை கம்பெனி வேலையா கீது."

வலது கையின் ஆள்காட்டி விரலில் தூசி அப்பியிருந்தது. எதிலும் படாமல் அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

கூட வந்தவள் கேட்டாள்: "மறுபடியும் பொம்மைக் கடைக்குப் போனியாக்கா?"

"போன மாசம் சாவி ரயிலு பொட்டி மேல வெரலால கோடு இஸ்துட்டு வந்தேன். இன்னிக்கும் அந்தக் கோடு அப்டியே கீது. அத்த செய்யற கம்பெனிக்காரன் ஓகோன்னு விக்குதுன்னு கடுதாசி போடறான். ஷேர்காரங்க கூட்டத்துல இந்தத் தூசியக் காட்டப்போறேன்."

"கடைக்காரன் ஒண்ணும் சொல்லலயா?"

"வாங்கலன்னா தொடாதன்னான். அந்தக் கம்பெனில பத்து ஷேர் வெச்சிக்கீறேன், எம் பொருள நான் தொடாம எவன் தொடுவான்னு கேட்டேன்."

"பேசாம வித்துடுக்கா."

"வித்துட்டா வாசல்லயே நிக்க வெச்சிடுவான். பத்து கீற வரைக்கும் உள்ள வுட்டுத்தான் ஆவணும்."

"பெரிய மன்சனுங்க கூட்டம். உன்னிய பேச வுடுவாங்களா?"

"வுடலன்னா, மொதலாளியோட வெள்ள சொக்காயில இந்த வெரலத் தொடச்சிட்டு வருவேன்."

கண்டக்டர் மிச்சக் காசை அவளுடைய இடது கையிலேயே வைத்தார்.