இரண்டு அங்குல டேப்

விசிறியை நிறுத்திவிட்டால் நல்லது, ஐயா. கொஞ்சம் வியர்க்கும்தான். ஆனால் நான் சொல்வது உங்களுக்கும், பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிற ஏட்டய்யாவுக்கும் தெளிவாகக் கேட்கும். இத்தனை வருஷமாகக் காதை வைத்துப் பிழைத்தவன் நான். பேச்சுக்கு நடுவில் விசிறி கரகரத்தால் பல்லில் மண் பட்ட மாதிரி இருக்கிறது.

இசபெல்லா கொடுத்த மனுவை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அந்த டேப்பில் வெட்டு உண்டா என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். உண்டு. ஆனால் அரைகுறையாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முழுதும் சொல்லிவிடுகிறேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வெள்ளியங்கிரி முதலாளியின் ரிக்கார்டிங் கொட்டகை இருந்தது. இப்போது அது நூல் கிடங்கு. ஐம்பத்தெட்டிலிருந்து நானும் ஆரோக்கியசாமியும் அங்கே வேலை பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். அண்ணா, அண்ணா என்பான். பாடுகிறவரை எங்கே நிறுத்துவது, மேளத்தை எத்தனை அடி தள்ளி வைப்பது, குரல் எவ்வளவு, ஆர்மோனியம் எவ்வளவு என்று பார்த்து எடுத்துக் கலந்து கொடுப்பது அவன் வேலை. கலந்து முடித்த டேப் என் அறைக்கு வரும். இசைத்தட்டு அடிக்கப் போகுமுன் அதில் கடைசியாகக் கை வைப்பவன் நான்.

கலந்து முடித்த பாட்டில் உனக்கென்ன வேலை என்று எல்லாரும் கேட்பார்கள். மேளத்தின் அடி கனத்துவிட்டால் கிராமபோன் ஊசி தட்டில் குதிக்கும். அதைத் தணிக்க வேண்டும். பாடுகிறவள் மூச்சு இழுப்பது பாட்டைவிடப் பெரிதாகக் கேட்டால் அதை எடுக்க வேண்டும். ஒரு பாட்டு உரக்கவும் அடுத்தது முணுமுணுப்பாகவும் இருந்தால் கேட்பவன் எழுந்து எழுந்து குமிழைத் திருக மாட்டான், தட்டையே கழற்றிவிடுவான். பாட்டு முடிந்த பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பதுகூட என் கணக்குத்தான். நான் எதையும் சேர்ப்பதில்லை. வேண்டாததை எடுப்பேன், அவ்வளவுதான். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. பல்லில் கல் கடிபடாத சோற்றைத் தின்றுவிட்டு யாரும் பொறுக்கினவளைப் புகழ்வதில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அறுபத்துநாலு மாசி மாதம் அத்தாயி வந்தாள். மோகனூர்ப் பக்கம், கரும்பு வெட்டுகிற கூலிக்காரி. இருபத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை. ஆரோக்கியசாமி ஏதோ ஒரு நடவில் அவள் பாடக் கேட்டு, அவள் தாய் செல்லாயியிடம் நாலு முறை நடந்து, கூட்டிக்கொண்டு வந்தான். நல்ல குரல், ஐயா. அதை நான் மறுக்கவில்லை. அவளுக்கு எல்லாரும் சாமிதான். முதலாளியும் சாமி, நானும் சாமி, வாசலில் விளையாடுகிற குழந்தையும் சாமி.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழங்கிணறு. குரலுக்கு எதிரொலி கூட்ட எங்களிடம் கருவி கிடையாது. கிணற்றுக்குள் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் கயிற்றில் இறக்குவோம். பாட்டை உள்ளே ஒலிக்கவிட்டு, கிணறு திருப்பித் தருவதை என் அறையில் இன்னொரு டேப்பில் ஏற்றுவோம். ஐப்பசியில் தண்ணீர் மேலே நிற்கும், எதிரொலி குட்டையாக வரும். மாசியில் தண்ணீர் இறங்கிவிடும், பாட்டு முடிந்த பிறகும் கிணறு கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருக்கும். அது முற்றும் அடங்குகிறவரை டேப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பாட்டு வால் அறுந்த மாதிரி முடியும்.

அத்தாயியின் பாட்டை எடுத்த அன்று காலை முதலாளி வந்திருந்தார். பாட்டைக் கேட்டுவிட்டு ஆரோக்கியசாமியின் முதுகில் தட்டினார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பாடுனது அத்தாயி, புடிச்சது நானுங்க. நம்ம அண்ணன் சும்மா தூசி தட்டி அனுப்புவாருங்க."

கேலிதான். முதலாளி சிரித்தார், அத்தாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன்.

முதலாளி போன பிறகு நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். மேளக்காரர்கள் புதுச்சத்திரத்தில் கல்யாண மேளம் என்று முன்னமே பஸ் ஏறிவிட்டார்கள். நான் அறைக்குள் போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டைக் கிணற்றுக்கு அனுப்பினேன். ஆரோக்கியசாமி கிணற்றடியில் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தாயியும் அங்கே போய் நின்றிருக்கிறாள். பாட்டுக்கு நடுவில் அவள் அவனிடம் கேட்டது கிணற்று மைக் வழியே எனக்கு லேசாக விழுந்தது. "ஏனுங்க சாமி, இந்தக் கெணத்துக்குள்ள நாந்தான் பாடுறனுங்களா?"

தன் குரலை அவள் அதற்கு முன் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. பாட்டு முடிந்தது. கிணறு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்க அவள் இன்னும் குனிந்திருக்க வேண்டும். கல் பெயர்ந்து தண்ணீரில் விழுகிற சத்தம் வந்தது. பிறகு அவள் குரல்: "கைய உடாதீங்க சாமி." பிறகு ஆரோக்கியசாமி: "உபகாரண்ணா, ஓடி வாங்க."

மூன்று தடவை கூப்பிட்டான். முதல் தடவைக்கும் அவள் விழுந்ததற்கும் நடுவில் நாற்பத்தாறு வினாடி. பின்னால் டேப்பை ஓடவிட்டுக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். என் நாற்காலியிலிருந்து கிணற்றுக்குப் பன்னிரண்டு எட்டு. எதிரொலி இன்னும் அடங்கவில்லை, அதனால் நான் காத்திருந்தேன். எல்லாம் அடங்கிய பிறகு டேப்பை நிறுத்திவிட்டுப் போனேன். அவன் கைப்பிடிச்சுவர்மேல் வயிற்றை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தான். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அவள் உள்படிக்கட்டில் அடிபட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இளம் விதவை, அவன் நாலு முறை வீடு தேடிப் போனவன். செல்லாயி மாரில் அடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொன்னாள். பிணத்தின் மணிக்கட்டில் அவன் விரல்கள் பதிந்திருந்தன. காப்பாற்றப் பிடித்தாலும் பதியும், கெடுக்கப் பிடித்தாலும் பதியும். அவன் போலீசில் சொன்னது ஒன்றுதான். 'நான் கூப்பிட்டேன், அண்ணனைக் கேளுங்கள்.'

அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். டேப் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது, ஆனால் ஒரே இரைச்சல், ஒரு நாள் கொடுத்தால் தெளிவாக்கித் தருகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை விட்டா இதுக்கு ஆள் இல்ல சார், நீங்கதான் செஞ்சு தரணும்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

முதலில் இரைச்சலைத் தணித்தேன். அடுத்து என் பெயர் வருகிற மூன்று இடங்களையும் பிளேடால் வெட்டி எடுத்தேன். அது எனக்காக. நான் எழுந்து போகாதது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டபோது அது நொண்டியது. அவள் 'உடாதீங்க' என்கிறாள், அவன் வாயே திறக்கவில்லை, அவள் விழுகிறாள். கேட்பவனுக்குச் சந்தேகம் வரும். நடுவில் என்னவோ போயிருக்கிறது என்று தேடுவான். என் கையிலிருந்து ஒரு வேலை அப்படிப் போனதில்லை.

'உடாதீங்க' என்பதில் நடுவே வருகிற 'ஆதீ' டேப்பில் இரண்டு அங்குலம். அதை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சாய்வாக ஒட்டினால், காதுக்கு 'உடுங்க' என்று விழுகிறது. எழுத்தில் எழுதிப் பார்த்தால் ஒட்டாது, காதில் ஒட்டும். அவள் படித்தவளாக இருந்து 'விடாதீர்கள்' என்று சொல்லியிருந்தால் எந்த வெட்டும் பல்லிளித்திருக்கும். 'கைய உடுங்க சாமி.' அவ்வளவுதான். நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

ஒட்டியதைப் புது டேப்பில் ஏற்றி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். பழையதை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அதைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். செல்லாயி மயங்கி விழுந்தாள். கூண்டிலிருந்த ஆரோக்கியசாமி என்னைத்தான் பார்த்தான். தொழில் தெரிந்தவன், உடனே கண்டுபிடித்துவிட்டான். "அதுல வெட்டு இருக்குதுங்க" என்றான். கத்தவில்லை. அதைச் சொல்லத் தகுந்த ஆள் யார் என்று தேடி என்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். இந்த டேப்பில் ஒட்டு உண்டா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். அந்த டேப்பில் இல்லைதான். வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து நான் பொய் சொல்லவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு ஆரோக்கியசாமியின் மனைவி இசபெல்லா என் வீட்டுக்கு வந்தாள். கைக்குழந்தை இடுப்பில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, அவரு உங்களத்தான் கூப்புட்டாராமுங்க. ஒருக்காலு இல்லீங்க, மூணு தடவெ."

"டேப்புல இல்லையேம்மா" என்றேன்.

"டேப்புல இல்லாட்டிப் போச்சாதுங்க. உங்க காதுலயும் உழுகலீங்களா?"

சரியான கேள்வி. கோர்ட்டில் அதை ஒருவரும் கேட்கவில்லை. அவள் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். அறுபத்தாறு ஆடியில் அவனைத் தூக்கில் போட்டார்கள். அவன் ஆத்துமாவுக்காக ஒவ்வொரு வருஷமும் பூசை கொடுத்துவருகிறேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. வெட்டைப் பற்றி இனி நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஏன் எழுந்து போகவில்லை என்றுதான் கேட்கப் போகிறீர்கள். எதிரொலி அடங்கவில்லை என்று முன்னால் சொன்னேன். அது நிஜந்தான், ஆனால் முதல் கூப்பாட்டிலேயே பாட்டின் வால் கெட்டுப்போயிருந்தது. காப்பாற்ற அதில் ஒன்றும் இல்லை.

நான் போயிருந்தால் இரண்டு பேருமாகத் தூக்கியிருப்போம், ஐயா, அவள் பிழைத்திருப்பாள். ஆனால் அவள் கையை முதலில் பிடித்தவன் அவன். காப்பாற்றியவன் என்று ஊர் அவன் பெயரைத்தான் சொல்லியிருக்கும்.