தராமல் விட்ட எண்

எனக்குச் சீனி போட வேண்டாம், காதியார் அவர்களே. வெறும் பிளேன்டீ போதும். தனியாக இருப்பவன் சீனி வாங்கி வைத்தால் எறும்புக்குத்தான் லாபம்.

என் மனைவி ரம்ஸியா என்னிடமிருந்து பிரிவு கேட்டு உங்களிடம் வந்திருக்கிறாள். நான் அடித்ததாகவோ பட்டினி போட்டதாகவோ அவள் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கணக்குச் சொல்லித் தந்த விதத்தை அவரிடமே கேளுங்கள் என்று மட்டும் சொன்னாளாம். கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

போர் முடிந்ததும், இடம்பெயர்ந்து வந்திருந்த எங்கள் சனம் மன்னாருக்குத் திரும்பியது உங்களுக்குத் தெரியும். கரைத்தீவில் எங்கள் ஒழுங்கையிலிருந்து என் தம்பிமார் போனார்கள். பிறகு உம்மாவையும் கூட்டிப்போனார்கள். எனக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர் வேலை. நெய்னார் சேர் போனால் பிள்ளைகளுக்கு யார் என்று எல்லாரும் உருகினார்கள். உருகிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பின்னேரங்களில் களப்புக் காற்று ஜன்னலை அடிக்கும். அதைவிட்டால் வீட்டில் வேறு சத்தம் இல்லை. சில நாட்களில் என் குரல் எப்படி இருக்கும் என்று பார்க்கவே தொண்டையைச் செருமுவேன்.

அப்போதுதான் ஹமீட் நானா தன் மகள் ரம்ஸியாவைக் கூட்டி வந்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பொறியியல் படிக்க ஆசை, பௌதிகத்துக்குக் கொஞ்சம் உதவி வேண்டும் என்றார். கதவு திறந்தே இருக்கும். அவளுடைய உம்மா ஸுலைஹா வாசலில் கதிரை போட்டு அயல் பெண்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். உள்ளே ரம்ஸியா கணக்குச் செய்வாள். என் வீட்டில் மறுபடியும் மனிதச் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஒரே குறை, அவள் மிகவும் கெட்டிக்காரி. கொடுத்ததையெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டு, "சேர், நான் போகவா?" என்பாள். இன்னும் கொஞ்ச நாளில் பல்கலைக்கழகத்துக்கும் அப்படித்தான் போவாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் சாய்தளத்தில் வழுக்கும் பெட்டியைப் பற்றி ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். உராய்வுக் குணகத்தைக் குறிப்பிட மறந்துவிட்டேன். அந்த எண் இல்லாமல் அதை யாராலும் செய்ய முடியாது. அவள் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரை மல்லுக்கட்டினாள். ஸுலைஹா உள்ளே வந்து தேநீர் ஊற்றினார். எனக்கும் ஒரு கோப்பை தந்தார். அந்த முதல் தடவை மறதிதான். பிறகு விட்டதெல்லாம் மறதியில்லை.

ஒரு கணக்கில் திணிவை விடுவேன், இன்னொன்றில் நீளத்தை. ஆரம்பத்தில் அவள், "சேர், இதில திணிவு தரல்லயே?" என்று கேட்டாள். "எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு, தேடு புள்ள" என்றேன். மறுநாள் நானே ஓர் எண்ணைப் போட்டுச் செய்து காட்டுவேன். "இது உங்களுக்கு எப்பிடி சேர் விளங்குது?" என்பாள். மூளை இருந்தால் விளங்கும் என்று சிரிப்பேன். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பரீட்சைத் தாளில் எல்லா எண்களும் இருந்தன. அவளோ ஒவ்வொரு வினாவிலும் தனக்குத் தெரியாமல் ஏதோ ஒளிந்திருப்பதாகத் தேடிக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டது.

ஹமீட் நானா வந்தார். "சேர், புள்ள சாப்பிடுதும் இல்ல. ஆர்ட்ஸுக்கு மாத்தி விடவா? எங்களுக்கு இந்தப் படிப்புக் கத ஒண்டும் தெரியா. நீங்க சொல்றதுதான்."

கலைப் பிரிவுக்குப் போனால் பௌதிகம் எதற்கு? "இன்னொருக்காப் பாப்பம் நானா" என்றேன். மறு வருடமும் அதே கதைதான். எல்லாருக்கும் படிப்பு வராது என்று ஆறுதல் சொல்லி, நானே பெண் கேட்டேன். சீதனம் வேண்டாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கலியாணத்துக்குப் பிறகும் அவள் என்னைச் சேர் என்றுதான் கூப்பிட்டாள். "சேர், அரிசி இவ்வளவு போதுமா?" என்று அளக்கும் சுண்டைக் கொண்டுவந்து காட்டுவாள். பார்க்கக் கவலையாகத்தான் இருக்கும். ஆனாலும் வீட்டில் ஒரு குரல் இருந்தது.

பிறகு அயல் வீட்டு அஸ்ஜத் படிக்க வந்தான். ஒருநாள் அவன் ஒரு மாதிரி வினாத்தாளைக் காட்டி, "சேர், இதில திணிவு இல்ல" என்றான். "ஓம், அச்சுப் பிழை. தராத எண்ணை ஆராலயும் கண்டுபிடிக்க ஏலா. உன்ர பிழையில்ல" என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ரம்ஸியா தேநீரோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் மக்கு இல்லயா, சேர்?"

நான் கோப்பையை எடுத்துத் தேநீரைக் குடித்தேன். அன்றே வாப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தெரிந்தே செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஓம், தெரிந்தேதான் செய்தேன். பொறியியல் படிக்க வேண்டிய பிள்ளையை, தனக்கு மூளையே இல்லை என்று நம்ப வைத்தேன். என்னைவிட்டு யாரும் போகாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அவள் மறுபடியும் பரீட்சை எழுதப் போகிறாளாம். பல்கலைக்கழகம் போக இதுதான் கடைசித் தடவை. முந்தல் ஊரில் யாரோ ஒரு டீச்சரிடம் படிக்கப் போகிறாளாம். முன்பின் தெரியாத ஆட்களை நம்பி அவள் ஏன் பஸ்ஸில் அலைய வேண்டும்? பிரிவெல்லாம் வேண்டாம், காதியார் அவர்களே. வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பௌதிகத்தை நானே சொல்லிக் கொடுக்கிறேன்.