ஆணியில் இல்லாத ஸ்வெட்டர்

இந்த இரங்கல் கூட்ட மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அக்காவின் தம்பியே, அறுவை அரங்கில் அவரோடு நின்று கால்கடுத்த என் தோழியரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் தலைமைச் செவிலியரை, நம் ஸ்வெட்டர் அக்காவை, தெய்வம் என்றார்கள். இருக்கட்டும். அந்தத் தெய்வம் எப்படிப் போனது என்று ஒருவராவது வாய் திறந்தீர்களா? மாரடைப்பு என்று மென்று விழுங்குகிறீர்கள். தம்பியிடம் கேட்டேன். "உள்ளதையே சொல்லிடுங்கக்கா. இனி மறைச்சு யாருக்கு என்ன ஆகப்போவுது?" என்றார். சொல்கிறேன். அக்கா வலிமருந்து ஊசிக்கு அடிமையாகி, அதிலேயே போனார்.

அறுவை முடிந்ததும் குப்பியில் மிஞ்சும் மருந்தை ஒருவர் தொட்டியில் கொட்ட வேண்டும். இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும். அது நம் விதி. அக்கா என்ன சொல்வார்? "பச்சத்தண்ணி கூட குடிக்காம நிக்கிறே. நீ போய் உக்காரு கண்ணு, மிச்சத்த நான் கொட்டிக்கிறேன்." என்ன கரிசனம்! மூத்தவர் கையை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நாம் எல்லோருமே நகர்ந்துகொண்டோம். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது.

கொளுத்தும் வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும்போதும் முழுக்கை ஸ்வெட்டர். கேட்டோமா? பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். மங்கிய வெளிச்சத்திலும் கண்மணி கடுகளவாய்ச் சுருங்கிக் கிடந்தது. கேட்டோமா? களைப்பு என்றோம். நின்றபடியே கண் சொருகினார். பாவம், ஓயாத உழைப்பு என்றோம். ஓய்வறையின் குளியலறைக்குள் போனால் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். தட்டினால், "இதோ வந்துட்டேன்" என்று ராகம் போட்டு இழுப்பார்.

இனிச் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்.

அக்கா போன பிறகும் அந்த ஸ்வெட்டர் ஓய்வறை ஆணியில்தான் தொங்கியது. தொட யாருக்கும் மனம் வரவில்லை. போன வாரம் உள்ளே போனேன். ஆணியில் ஸ்வெட்டர் இல்லை. குளியலறைக்குள் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தட்டினேன்.

"இதோ வந்துட்டேன்."

அதே ராகம், அதே இழுப்பு. பேயாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். வெளியே வந்தது நம்மில் ஒருவர். கண்மணி கடுகளவு. அன்றைய அறுவை முடிந்ததும் என்னிடம் அவர் சொன்னார், "நீங்க போய் உக்காருங்கக்கா, மிச்சத்த நான் கொட்டிக்கிறேன்." நான் போகவில்லை. பக்கத்திலேயே நின்றேன். முகம் சுளித்துக்கொண்டே கொட்டினார்.

அக்காவின் பணியைத் தொடர்வோம் என்று ஆளாளுக்கு உறுதி சொன்னீர்கள். ஒருவர் ஏற்கெனவே தொடர்ந்துகொண்டிருக்கிறார். என் உறுதி வேறு. இனி மருந்து கொட்டுவது யார் கையானாலும், முகம் சுளித்தாலும், நான் நின்று பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.

கண்ணு, இந்த மண்டபத்தில் மின்விசிறிகூட ஓடவில்லை. எல்லோரும் வியர்த்து வழிகிறோம். உனக்கு மட்டும் குளிர்கிறது. உன்னைப் பிடித்துக்கொடுக்க நான் வரவில்லை. சிகிச்சைக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன். கூட்டம் கலைந்ததும் வாசலில் காத்திருப்பேன். ஸ்வெட்டரைக் கழற்றித் தம்பி கையில் கொடுத்துவிட்டு வா. இதே மேடையில் ஏறி உனக்காகவும் பேச என்னால் முடியாது.