கேட்லியா துவண்ட காலை

— ஏங்க, கடையை அப்புறம் திறக்கலாம். இங்க வந்து இந்தப் பூவைப் பாருங்க.

— உள்ளங்கை அகலத்துக்கு நேத்து மாதிரியேதான் இருக்கு. என்னவாம்?

— கண்ணை எங்க வெச்சிருக்கீங்க? இதழெல்லாம் தொங்குது. ஃபிரில் வெச்ச பாவாடை மாதிரி விரிஞ்சிருந்த நடு இதழ் சுருண்டுபோச்சு. காலையில வாசப்படி வரைக்கும் மணக்கும். இன்னிக்கு மூக்கை வெச்சாலும் ஒண்ணுமில்ல.

— தண்ணி பத்தலையோ என்னவோ.

— கேட்லியா ஆர்க்கிடுக்கா? அடியில குண்டு குண்டா தண்டு இருக்கே, அதுலயே தண்ணியைச் சேத்து வெச்சுக்கும். வேர் காத்துல தொங்கினாலும் பொழைச்சுக்கும். சும்மா விட்டா பூ மூணு வாரம் நிக்கும். மகரந்தம் பட்டாத்தான் இப்படி. வந்த வேலை முடிஞ்சுதுன்னு ஒண்ணு ரெண்டு நாள்ல கண்ணை மூடிடும்.

— தேனீ வந்திருக்கும், பாரு.

— செடியைச் சுத்திக் கட்டின வலையில ஒரு ஓட்டை காட்டுங்க பாப்போம். நாளைக்குப் பதினொரு மணிக்கு மலர்க் கண்காட்சிக்காரங்க வராங்க. நானே ரெண்டு செடியைக் கலந்து, விதை போட்டு, ஏழு வருஷம் காத்திருந்து வந்த முதல் பூ. அதுக்கு ஒரு பேரு எழுதிட்டா போதும்னு இருந்தேன்.

— அதுக்கப்புறம்?

— அதான் சொல்லிட்டேனே. அந்தக் கேன்சர் ஊசி இனிமே வேண்டாம். போட்டா ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அதுவும் வாந்தியும் படுக்கையுமா. எதுக்கு? பூவைப் பாத்தாச்சு.

— டாக்டர் நேத்தும் போன் பண்ணார்.

— பேச்சை மாத்தாதீங்க. பூவுக்கு நடுவுல ஒரு குட்டி மூடி இருக்கும், அடியில மஞ்சளா நாலு மணி, அதான் மகரந்தம். ரெண்டும் காணோம். இது என்ன மேஜை மேல? உங்க திருகாணி டப்பா மூடியாச்சே.

— அது கடையிலேர்ந்து எப்படியோ வந்திருக்கும்.

— உள்ள பூவோட மூடி பத்திரமா இருக்கு. வாட்ச்சைப் பிரிச்சா ஒவ்வொரு திருகாணியையும் இப்படித்தான் எடுத்து வெப்பீங்க. எந்தத் தேனீக்குங்க இந்தப் பழக்கம்?

— நான்தான். ராத்திரி வாட்ச் இடுக்கியால அந்த மணியை எடுத்துப் பூவுக்குள்ளயே ஒட்டினேன்.

— ஏழு வருஷம்ங்க. உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?

— ஊசி போட்டுக்கோன்னு கெஞ்சிப் பாத்தேன். அழுது பாத்தேன். உங்க அக்காவை விட்டுச் சொல்லிப் பாத்தேன். நீ அசையல.

— அதுக்காகப் பூவைக் கொல்லுவீங்களா?

— கொல்லல. இனிமே காய் பிடிக்கும். அது முத்தி வெடிக்கப் பத்து மாசம் ஆகும், கிட்டயே இருந்து பாத்துக்கணும்னு நீதானே சொல்லுவே. உன்னை இன்னும் பத்து மாசம் உக்கார வைக்க எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு.