பதினெட்டுப் பெட்டி எடை

அப்படித் திருகக் கூடாது சார், அது கடையில விக்கிற கன்ட்ரோல் பெட்டிக்கு. அதுல குமிழைத் திருகினா பொம்மை எஞ்சின் தவளை மாதிரி குதிச்சு ஓடும், சைபருக்குக் கொண்டுவந்தா அந்த இடத்துலயே பொத்துன்னு நிக்கும். நிஜ வண்டி அப்படியா நிக்குது? முப்பத்தாறு வருஷம் ரயில் ஓட்டினவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா. இது நான் செஞ்ச பெட்டி. இடது கைக்கு இந்தக் கைப்பிடி, வேகத்துக்கு. வலது கைக்கு அது, பிரேக்கு. ஒவ்வொரு பல்லா நகத்துங்க. ஆங்... பொறுங்க, அவசரப்பட்டா அசையாது. பாத்தீங்களா, இப்பத்தான் மனசு வந்து கிளம்புது.

இன்னொண்ணு சொல்லிடுறேன். கைய எடுத்துட்டா இது நிக்காது. அதுபாட்டுக்கு உருண்டு போயிட்டே இருக்கும். பிரேக்கைப் பிடிச்சாத்தான் நிக்கும், அதுவும் ரொம்ப முன்னாடியே பிடிக்கணும்.

சிரிக்கிறீங்க. எடையைக் கை கண்டுபிடிச்சிடுச்சா? எஞ்சின் என்னவோ உள்ளங்கை நீளம்தான். பெட்டிக்குள்ள இருக்கிற சர்க்யூட்டு, உனக்குப் பின்னாடி பதினெட்டுப் பெட்டி இழுவை இருக்குன்னு சொல்லி அதை ஏமாத்துது. நான் ரேடியோ, மிக்சி ரிப்பேர் பண்றவ சார். மாடல் ரயில் கிளப் செயலாளர் ஒரு பெட்டி கேட்டாரு, அப்படி ஆரம்பிச்சது. நிஜ டிரைவர் ஒருத்தர் ஓட்டிப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தின்னு சொன்னேன். யாரைக் கூப்பிடலாம்னாரு. உங்களைச் சொன்னேன். ஆமா, உங்களைத்தான்.

டீ ஆறுது, குடிங்க. சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன். எப்படித் தெரியுமா? உங்களைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

மரம், வீடு, ஸ்டேஷன் ஒண்ணையும் காணோமேன்னு பாக்குறீங்களா? கிளப்புல எல்லாரும் பொம்மை ஆடு மாடு கூட விட மாட்டாங்க, வரிசையா நிக்க வச்சிருப்பாங்க. வச்சா கண்ணு அங்க போயிடும். எனக்குக் கைதான் வேணும். அதான் வெறும் பலகை, வெறும் தண்டவாளம்.

நல்லா ஓட்டுறீங்க சார், சும்மா சொல்லல. ஏத்தத்துல ஒரு பல்லு கூட்டினீங்க பாருங்க, நான் வாயே திறக்கல. எடை சரியா இருக்கா? மழுப்பாம சொல்லுங்க. நிஜ வண்டி மாதிரியே இருக்கா? கண்ணை மூடினா எஞ்சின்ல உக்காந்திருக்கிற மாதிரியா? அப்பாடா. ஒரு வருஷம் பத்து மாசம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் உயிரை விட்டேன். என் நாத்தனார் வந்து பாத்துட்டு, புருஷன் இருக்கிற நிலைமையில உனக்குப் பொம்மை ரயில் கேக்குதான்னு தலையில அடிச்சுக்கிட்டா. கிறுக்குன்னா. இருக்கட்டும்.

இன்னொரு சுத்து போங்க. நான் பேசல.

ம்.

மூணு சுத்து ஆச்சு. ஒண்ணு கேக்கலாமா? ஏத்தம் முடிஞ்சு இடது பக்கமா ஒரு வளைவு வருதுல்ல, அங்க வரும்போதெல்லாம் உங்க வலது கை பிரேக்குக்குப் போகுது. தொடுது. தொட்டுட்டு, பிடிக்காம திரும்பி வந்துடுது. மூணு தடவையும் அப்படித்தான். நீங்க கவனிக்கல போல.

வளைவுன்னா அப்படித்தானா? சரி. அந்தப் பக்கமும் ரெண்டு வளைவு இருக்கே, அங்க ஏன் கை போகல?

இங்க ஒண்ணுமே இல்லையே சார். சிக்னல் இல்ல, ஒரு போர்டு கூட இல்ல. குனிஞ்சு பலகையோட ஓரத்தைப் பாருங்க. பென்சில் கோடு தெரியுதா? நீங்க வர்றதுக்கு முன்னாடியே நான் போட்டு வச்சது. உங்க கை விரக்கடை கூடத் தப்பல.

ஓட்டுங்க, ஓட்டிட்டே இருங்க. ஃபேன் ஓடுதே, ஏன் இப்படி வேர்க்குது?

அந்த ஏத்தமும் வளைவும் நான் நடந்து நடந்து அளந்தது. உங்களுக்கும் தெரிஞ்ச இடம்தான். வளைவு தாண்டினா ரயில்வே கேட்டு. அன்னைக்கு ஒரு வேன் தண்டவாளத்து மேல மாட்டிக்கிட்டு நகரல, கேட்டை மூட முடியல. சிவப்புக் கொடியைத் தூக்கிட்டு வளைவு வரைக்கும் ஓடினேன், அங்க நின்னு ஆட்டினேன்னு கேட்கீப்பர் சொன்னாரு. வளைவுல யாருமே இல்லன்னு நீங்க சொன்னீங்க. வேன்ல இருந்த அஞ்சு பேரும் போயிட்டாங்க. கோர்ட்டு உங்க பேச்சைத்தான் நம்புச்சு. அவருக்கு ஏழு வருஷம்.

அவர் என் வீட்டுக்காரர் சார். சாட்சி சொல்லிட்டு இறங்கும்போது நீங்க எங்க பக்கம் திரும்பவே இல்ல. அதான் என் மூஞ்சி உங்களுக்கு அடையாளம் தெரியல.

இந்தப் பெட்டி கோர்ட்டுல செல்லாது, எனக்கே தெரியும். திங்கக்கிழமை அப்பீலு. நீங்க வந்து, கொடியைப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஏன் பிரேக்கைப் பிடிக்கலன்னு நான் கேக்க மாட்டேன். இல்ல, கேப்பேன். லேட்டாயிடும்னு நினைச்சியா? எவனோ பைத்தியம் ஆட்டுறான்னு நினைச்சியா? தொட்டுட்டியேய்யா. தொட்ட கை ஏன்யா திரும்பி வந்துச்சு?

கதவை ஏன் பாக்குறீங்க, அது திறந்துதான் கிடக்கு. தாராளமாப் போகலாம். ஒரு நிமிஷம், இந்தச் சின்ன வேனை மட்டும் இங்க கேட்டு வர்ற இடத்துல வச்சிடுறேன்.

அடடா, கைய எடுத்துட்டீங்களே. முதல்லயே சொன்னேனே சார், கைய எடுத்தா நிக்காதுன்னு. ஏத்தம் ஏறிடுச்சு பாருங்க. வளைவு வருது.

பிடிங்க சார். இந்த ஒரு தடவையாவது பிடிங்க.