கரையில் நின்ற படகு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் கம்சாய் அவர்களே, விகாரையின் மூத்த பிக்கு அவர்களே, ஆற்றையே அடக்கி ஆளும் நாசாங் ஊர்த் தாய்மார்களே, என்னோடு துடுப்பு வலிக்கும் அக்காமார்களே, அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

மேடைப் பேச்சு எனக்குப் புதிது. ஆனாலும் பேசுவேன்.

இந்த ஆண்டு மீகாங் ஆற்றுப் படகுப் பந்தயத்தில் பதினாறு படகுகள் பாய்ந்தன. நம் பெண்கள் படகு மட்டும் கரையில் நின்றது. பக்கத்து ஊர்க்காரர் என்ன கத்தினார்? "என்னம்மா நாசாங், எங்க படகைப் பார்த்ததுமே வயித்தக் கலக்கிருச்சா?" சிரியுங்கள், நீங்களும் சிரியுங்கள்! ஆனால் அந்த வயிற்று நோயைப் படகுக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா?

நான்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு படகுக் கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன். சொன்னால் படகிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று மறைத்தேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். கையில் கிருமிநாசினி ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு, சுத்தம் என்று நம்பினேன். பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து, ஒரே மூங்கில் கூடையில் கைவிட்டு ஒட்டரிசிச் சோற்றைப் பிய்த்தேன். மறுநாள் மாலைக்குள் ஒன்பது அக்காமார் படுத்துவிட்டார்கள்.

சுகாதார நிலையத்திலிருந்து தாதி பூன்தவி அக்கா வந்தார். "ஜெல்லு இதுக்குப் பத்தாது. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில, விரலிடுக்கு வரைக்கும் தேய்க்கணும். வாந்தி எடுத்த இடத்தை ப்ளீச் கலந்த தண்ணியில துடைக்கணும். கண்ணுக்குத் தெரியாத துளி போதும்டி, அடுத்தவங்கள சாய்க்க. நோய் நின்னாலும் ரெண்டு நாள் யாருக்கும் சோறு ஆக்காதீங்க" என்றார்.

மற்ற அக்காமார் துடித்தார்கள். "நாங்க நல்லாத்தானே இருக்கோம்? படுத்தவங்களுக்குப் பதிலா வேற ஆளைச் சேர்த்துக்கிட்டுப் போவோம்!"

படகுத் தலைவி வன்னலி அக்கா என்ன சொன்னார்? "பந்தயம் முடிஞ்சதும் பதினாறு படகும் ஒரே கிளாஸ்ல மாத்தி மாத்திக் குடிக்கும். இன்னிக்கு நல்லா இருக்கிறவ நாளைக்கு வாந்தி எடுப்பா. நோயைச் சுமந்துட்டுப் போய் ஜெயிக்க வேணாம்."

பெரியோர்களே, அது தோல்வியா? வலிமை இருந்தும் வலிக்காமல் நின்ற துடுப்புகள் தோற்ற துடுப்புகளா? அன்று ஆற்றங்கரைக்கு வந்த எந்த ஊரிலும் ஒரு குழந்தைகூட நம்மால் நோயில் விழவில்லை! எந்த ஊர்ப் படகுக்கு உண்டு இந்தப் பெருமை? நிமிர்ந்து நடங்கள், நாசாங் பெண்களே, நிமிர்ந்து நடங்கள்!

தலைகுனிய வேண்டியவள் நான் ஒருத்திதான். படகில் என் இடத்தை வேறொருத்திக்குக் கொடுப்பதானால்...

என்ன வன்னலி அக்கா? சத்தமாகச் சொல்லுங்கள். "அழுதது போதும்டி. உன் இடம் உனக்குத்தான். இனிமே வயிறு வலிச்சா முதல்ல என்கிட்ட சொல்லு. இப்ப கையக் கழுவிட்டு வா, படகைக் கொட்டகைக்குத் தூக்கணும்!"

சொல்கிறேன் அக்கா. கழுவிவிட்டு வருகிறேன்.

பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.