தண்ணீரில் தோய்த்த பட்டை

அந்தக் கார் கறுப்பா கரும்பச்சையா என்று கேட்டால் எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியாது. எந்த மாதம் என்பதும் நினைவில்லை. கம்பம் முழுக்க ஏலக்காய் வாசம் இருந்தது, அது நிச்சயம். மற்றதை நினைவில் இருக்கிறபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

கார் அம்மாவாசி முதலாளியுடையது. அவர் ஏலக்காய் வியாபாரி. அவருடைய தாயார் ஜக்கம்மாவுக்கு முழங்கால் மடங்காது. காரின் படியோ உயரம். மதுரைப் பட்டறையில் கேட்டதற்கு, காரைத் தாங்கும் இரும்பு வில்லுகளையே புதிதாக வாங்கிப் போடச் சொன்னார்களாம். அது பெரிய செலவு. "ஏலே, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தாழ்த்திக் குடு" என்று என் கொல்லுலைக்கு வந்துவிட்டார்.

வேலை கடினமில்லை. சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் வில்லுப் பட்டைகளில் ஒன்றிரண்டை உருவிவிட்டு, மிச்சத்தைக் காய்ச்சி வளைவைக் குறைத்தால் கார் தாழ்ந்துவிடும். காய்ச்சிய பட்டையை எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் தோய்ப்பது அரிவாளை. தண்ணீரில் தோய்த்த பட்டையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். பாரம் ஏறினால் வளையாது, ஒடியும்.

காரை ஓட்டியவன் சுருளிவேல், என் முதல் மனைவி ராமுத்தாயின் தம்பி. அவள் கிணற்றில் விழுந்து இறந்த பிறகு அவன் அடிக்கடி வந்து உலைக்கு எதிரே உட்காருவான். பேசமாட்டான். நான் சம்மட்டியை நிறுத்தினால் அவன் மூச்சுவிடுவது கேட்கும். அதனால் இரும்பு ஆறிய பிறகும் அடித்துக்கொண்டே இருப்பேன். அவன் என்றாவது கேட்பான் என்று தெரியும். கேட்டான்.

"அக்கா விழுந்தப்ப நீங்க எங்கன இருந்தீக மச்சான்?"

"வீட்டுலதேன் மாப்ள."

"அப்படியா" என்றான்.

நான் அவளைத் தள்ளவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அவளாகத்தான் வழுக்கினாள். படிக்கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். நான் குனியவில்லை.

பட்டைகளைத் தண்ணீரில் தோய்த்தேன். சுருளிவேல் ஓட்ட, ஜக்கம்மாதான் அந்தக் காரில் முதலில் போவார் என்பதும் எனக்குத் தெரியும். அதை மறைக்கவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். அச்சோ சக்கரமோ புதிதாகப் பூட்டினால், முதல் ஓட்டத்தில் வேலை செய்தவனும் ஏறி உட்கார வேண்டும். முடியாவிட்டால் அவன் வீட்டு ஆள். எங்கள் தொழிலில் அது வழக்கம். காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ஏறுங்க மச்சான், குமுளி மலைக்குப் போறோம்" என்று சுருளிவேல் சொன்னபோதுதான் எனக்கு அது உறைத்தது.

"உலைய விட்டு வர முடியாது மாப்ள. இருளம்மா வருவா."

இருளம்மாள் நான் இரண்டாவதாகக் கட்டியவள். அதுவரை காரில் ஏறியதில்லை. "நெசமாவா சொல்றீக?" என்று கேட்டு, உள்ளே ஓடித் தலைசீவி வந்தாள்.

"வாந்தி எடுத்துராத ஆத்தா. முதலாளி என்னையத்தேன் கழுவச் சொல்வாக" என்றான் சுருளிவேல். நானும் சிரித்தேன்.

முதலாளி வரவில்லை, கடையில் இருந்துவிட்டார். ஜக்கம்மா யார் கையையும் பிடிக்காமல் தானே ஏறினார். "பாத்தியாடா, நானே ஏறிட்டேன். நீ நல்லா இருப்ப" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கார் நகர்ந்தது. நிறுத்தச் சொல்ல என் கை தானாக எழும்பியது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். யாராவது கேள்வி கேட்பார்கள் என்றுதானே அத்தனை நாளும் நடுங்கிக்கொண்டிருந்தேன். தூக்கிய கையை அசைத்தேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து இருளம்மாளும் கையசைத்தாள்.

மலையேற்றத்தில் ஒரு திருப்பத்தில் பட்டை ஒடிந்தது. சுருளிவேல் அங்கேயே இறந்தான். ஜக்கம்மா தூக்கி வருகிற வழியில் இறந்தார். இருளம்மாளை மறுநாள்தான் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். அம்மாவாசி முதலாளி காரை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு மாட்டு வண்டியில் போய்வருகிறார். நான் அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குப் பெண்டாட்டி ராசி கிடையாது.